டர்போ லாரிக்கு நான் ஊற்றிய பம்புசெட் ஆயில்

மாடசாமி என்கிற லாரி டிரைவருக்கு வேலை போனது என்னால். அவர்மீது ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுவதும் என்னுடையது. அதை மறைக்க நான் பெரிய பொய்கூடச் சொல்லவில்லை. ‘சில சமயம்’ என்று இரண்டே சொற்கள் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஆடும் புகையுமாகக் கதை சிரிப்பாகப் போகும்போது, ‘ஐயோ பாவம், நல்ல மனுஷன்’ என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

எண்பதுகளின் பிற்பகுதி. பாளையங்கோட்டையில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருப்பதாக வெளியே சொல்லி வைத்திருந்தோம்.) அக்கா பெயர் சங்கரவடிவு. அவள் கணவர் கோமதிநாயகம் அத்தானுக்கு லாரித் தொழில். அத்தான் பத்தாவதைத் தாண்டாதவர், அதனாலேயே படித்தவன்மேல் அபார மரியாதை வைத்திருந்தவர். வீட்டில் மின்விசிறி நின்றால்கூட, “மாப்ளே, நீ சயின்ஸ் படிச்சவன்லா, என்னன்னு பாரு” என்பார். நான் ஸ்டூலில் ஏறி விசிறியைத் தட்டுவேன். கரண்ட் வந்து அது தானாகச் சுற்றும். “பாத்தியா, படிப்பு!” என்பார் அக்காவிடம்.

இப்படிப்பட்டவர் பழைய லாரியை விற்றுவிட்டுப் புது வண்டி எடுத்தார். சாதாரண வண்டி இல்லை, டர்போ வைத்தது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதைக்கொண்டு கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவதற்குப் பெயர்தான் டர்போ. வண்டிக்கு ஏகப்பட்ட இழுவை வந்துவிடும். எங்கள் ஊர் லாரி ஸ்டாண்டில் அப்படி ஒரு வண்டி அதுதான் முதல். பாரத்தோடு மேடு ஏறும்போது விசிலடிப்பது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்கென்றே பிள்ளைகள் ராஜபாளையம் ரோட்டில் காத்துக்கிடந்தார்கள்.

வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்த கம்பெனி ஆள் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். ஒன்று, கையேட்டில் போட்டிருக்கிற தரத்து ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். டர்போவின் சக்கரம் பம்பரத்தையே வெட்கப்பட வைக்கும் வேகத்தில் சுற்றும், அதற்கு ஆயில்தான் உயிர். இரண்டு, பாரம் இழுத்துவிட்டு வந்து நின்றதும் இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, டர்போ சூடு தணிந்த பிறகுதான் அணைக்க வேண்டும்.

இரண்டாவதை மாடசாமி ஏற்றுக்கொண்டார். அத்தானிடம் வெகுகாலமாக ஓட்டியவர், அளவாகப் பேசுகிறவர், வெற்றிலைப் பிரியர். எங்கே வண்டியை நிறுத்தினாலும் இன்ஜினை ஓடவிட்டபடியே மடியிலிருந்து வெற்றிலையை எடுப்பார். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து வாயில் போட்டு, முதல் எச்சிலைத் துப்பிய பிறகுதான் சாவியைத் திருப்புவார். பக்கத்தில் இருப்பவர் அவசரத்தில் துடித்தாலும் அந்த வரிசை மாறாது.

முதலாவதை, அதாவது ஆயிலை, நான் ஏற்றுக்கொண்டேன். எல்லாம் அங்கேதான் கெட்டது.

கம்பெனி ஆயிலை ஊற்றிக் கொஞ்ச நாள் ஓடியதும், அத்தான் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது.

“மாப்ளே, புது வண்டி, புது ஆயிலு. இதுக்குள்ள இப்படிக் கருத்துப்போச்சே. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானோ?”

அந்த இடத்தில் நான், ‘எனக்குத் தெரியாது அத்தான், கம்பெனியில் கேட்போம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எம்.எஸ்ஸி. படித்து வேலை இல்லாமல் இருக்கும் ஒருவனிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டால் அவன் அதைச் சும்மா விடுவதில்லை. ஆயிலை விரலில் தொட்டேன், முகர்ந்தேன், கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன்.

“ஆக்சிடேஷன்” என்றேன்.

“அப்படீன்னா?”

“ஆயில் செத்துப்போச்சு அத்தான்.”

உண்மை என்னவென்றால், டீசல் இன்ஜினில் கரி உண்டாவது இயற்கை. நல்ல ஆயில் அந்தக் கரியை இன்ஜினுக்குள் ஒட்டவிடாமல் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் அழுக்காக இருந்தால் துணி சுத்தமாகிறது என்றுதானே அர்த்தம்? ஆயில் கருத்ததும் அதுபோலத்தான். பாடத்தில் இதற்கான வேதியியலை நான் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் அது விடைத்தாளிலேயே தங்கிவிட்டது, என்கூட வீட்டுக்கு வரவில்லை.

‘சரியான ஆயிலை விஞ்ஞான முறைப்படி நானே தேர்ந்தெடுக்கிறேன்’ என்று அறிவித்தேன். கையேட்டை அத்தான் நீட்டியபோது, “அவன் ஆயிலை அவன் விக்கிறதுக்கு எழுதியிருக்கான்” என்று தள்ளிவிட்டேன். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் வாசிக்கவில்லை.

கடைகளில் கிடைத்த ஆயில்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்தேன். அக்காவின் சீர்த் தாம்பாளத்தை எடுத்து முற்றத்தில் சாய்த்து வைத்தேன். மேல் விளிம்பில் ஒவ்வொரு ஆயிலாகச் சொட்டு விட்டு, எது கடைசியாகக் கீழே வந்து சேருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மெதுவாக ஓடுவது கெட்டியானது. கெட்டியானது நல்லது. இதுதான் என் தத்துவம். (இட்லி மாவுக்குக்கூட இது பொருந்தாது.)

அத்தான், மாடசாமி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று முற்றம் நிறைந்துவிட்டது. பொங்கலுக்கு நடத்தும் ஓட்டப் பந்தயம் போல ஆளுக்கொரு சொட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

“ஏலே, ஏந் தாம்பாளம்லே அது!” என்று அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். “நாளைக்கு அதுல பழம் வெத்தலை வச்சுக் கோயிலுக்குக் கொண்டு போவணும். கழுவுனாலும் நாத்தம் போவுமா?”

“சும்மா இரு வடிவு” என்றார் அத்தான். “ஆராய்ச்சி நடக்குல்லா.”

எல்லாச் சொட்டும் கீழே இறங்கிவிட்டன, ஒன்று மட்டும் பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. தேன் நிறம், தேன் கெட்டி. அதுதான் வென்றது.

“நெய்யி மாதிரில்லா இருக்கு தம்பி” என்று மாடசாமியும் வியந்தார்.

அது கிணற்றடி பம்புசெட் இன்ஜினுக்கு ஊற்றுகிற ஆயில். முழு டின் வாங்கப் போனபோது கடைக்காரர், “இது கெணத்து இன்ஜினுக்குல்லா போடுவாவ? லாரிக்கா கேக்கிய?” என்றார்.

“இன்ஜின்னா இன்ஜின்தான் அண்ணாச்சி” என்றேன்.

பம்புசெட் ஓரிடத்தில் நின்று ஒரே சீராக ஓடும் சாது. அதற்குக் கரியைச் சுமக்கும் மருந்தெல்லாம் கலந்த ஆயில் வேண்டியதில்லை. அதை எடுத்து, மலையேறும் டர்போ வண்டிக்கு ஊற்றினேன். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்று வளரும் காளைக்குப் பத்தியக் கஞ்சி வைத்தது போல.

விபரீதம் என்னவென்றால், என் ஆயில் கருக்கவே இல்லை. வாரக்கணக்கில் பொன்னாக மின்னியது. அது கரியைத் தொடாமல், அப்படியே இன்ஜினுக்குள்ளும் டர்போவுக்குள்ளும் படியவிட்டுக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நான் தினமும் ஸ்டாண்டுக்குப் போய் அளவுக் கம்பியை உருவி, வெயிலில் பிடித்து, மற்ற டிரைவர்களுக்குக் காட்டுவேன். கண்ணாடி போல இருக்கும். அவர்கள் தங்கள் வண்டிக் கம்பிகளை உருவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ‘எம்.எஸ்ஸி. ஆயில்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கடையநல்லூர் மீரான் பாய் என்ற ஆட்டு வியாபாரி மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் பக்கமெல்லாம் சுற்றி வெள்ளாட்டுக் கிடாய்களாக வாங்கியிருந்தார். அவற்றைப் பெருநாளைக்கு முன்னால் கொல்லத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். ஆரியங்காவு மலைப்பாதை. ‘டர்போ வண்டிதான் தாங்கும்’ என்று அத்தானிடம் வந்தார். லாரிக்குள் இரண்டு தட்டுக் கட்டி, மேலும் கீழும் கிடாய்களை ஏற்றினார்கள். ஆயில் மலையில் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்த்துப் பெருமைப்படுவதற்காக நானும் ஏறிக்கொண்டேன்.

கடையநல்லூரில் பாய் எங்களோடு சேர்ந்துகொண்டார். செங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது மாடசாமி வழக்கம்போல் வெற்றிலையை எடுத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன வே, எறங்குதீரா, இல்ல உள்ளயே குடியிருக்கப் போறீரா?” என்றார் பாய்.

“வண்டி மூச்சு வாங்கட்டும் மொதலாளி” என்றார் மாடசாமி, காம்பைக் கிள்ளியபடி.

பாய் என்னைப் பார்த்தார். “இவரு வெத்தலை போட்டு முடிக்கதுக்குள்ள அங்கன பெருநாளே முடிஞ்சிரும் போலயே!”

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாடசாமி அணைக்காமல் காத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. டர்போ விசிலடித்தது. பாய் தலையாட்டி ரசித்தார். முதல் பெரிய வளைவில் விசில் கொஞ்சம் ஏறியது. அடுத்த வளைவில் அது அலறலாக மாறியது. அப்புறம் ‘டங்’ என்று ஒரு சத்தம். பின்னால் பார்த்தால் மலையைக் காணோம், ரோட்டைக் காணோம். நீலமும் வெள்ளையுமாகப் புகை, மாசி மாதப் பனி மாதிரி இறங்கியது. வண்டி முக்கி முனகி நின்றது. லாரி நிறையக் கிடாய்கள் ஒரே சமயத்தில் இருமுவதை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வயதான மாமனார்களின் மாநாடு மாதிரி இருக்கும்.

“யா அல்லாஹ், ஆடு மூச்சு முட்டிச் செத்துரும், பின்கதவத் தெறங்க!” என்று பாய் கத்தினார்.

ஏதாவது செய்து உதவ வேண்டும் என்று ஓடினேன். பலகை சாய்த்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும் என்கிற நடைமுறை எனக்குத் தெரியாது. இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேன். கதவு விழுந்தது. கிடாய்கள் வந்தன. நான் மல்லாந்து கிடந்தேன். என்மேல் ஏறி எத்தனை போயின என்று எண்ணும் நிலையில் இல்லை. ஒன்று மட்டும் என் நெஞ்சில் நின்று சுற்றுமுற்றும் பார்த்து, எந்தப் பக்கம் போகலாம் என்று நிதானமாக யோசித்ததைச் சட்டையில் இருந்த குளம்புத் தடம் சொன்னது.

ரோடு முழுக்க ஆடு. மேலேயிருந்து வந்த பஸ் நின்றுவிட்டது. திறந்திருந்த பின்வாசல் வழியாக ஒரு கிடா ஏறி உள்ளே போய்விட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, “இதுக்கு டிக்கெட்டு யாரு எடுக்கா?” என்றார். பஸ்ஸில் இருந்த ஆணும் பெண்ணுமாக எல்லோரும் இறங்கி வந்து சாரலில் நனைந்தபடி ஆடு பிடித்துக் கொடுத்தார்கள். பெயர் தெரியாத அந்த ஜனங்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பாய் அதே பஸ்ஸில் செங்கோட்டைக்குத் திரும்பிப் போய், வாடகைக்கு வேன்கள் பிடித்து வந்து ஆடுகளை மாற்றி ஏற்றினார். கிளம்பும்போது என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

“ஒண்ணுகூடக் கொறையல தம்பி, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “நீங்க மொதல்ல சட்டைய மாத்துங்க. ஆட்ட விட மோசமா நாறுது.”

லாரியைக் கட்டி இழுத்துத் தென்காசிப் பட்டறையில் விட்டோம். அத்தான் வந்து சேர்ந்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து டர்போவைக் கழற்றினார். உள்ளே கருப்பட்டிப் பாகு கரிந்து அடிப்பிடித்தது போல இருந்தது. ஆயில் போகிற சந்தெல்லாம் அடைத்துச் சக்கரத்தின் தண்டு இறுகிப் போயிருந்தது.

“ரெண்டு காரணந்தான் இருக்கும்” என்றார் இன்ஜினியர். “ஒண்ணு, தப்பான ஆயில் ஊத்தியிருக்கணும். இல்லேன்னா, லோடு இழுத்துட்டு வந்த சூட்டோட டிரைவர் டக்குன்னு ஆஃப் பண்ணியிருக்கணும். அப்படிச் செஞ்சா உள்ள நிக்கிற ஆயில் வெந்துரும்.”

மாடசாமி அணைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒரே காரணம்.

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். “ஆயிலப் பத்திப் பேச்சே இல்ல சார். எம் மச்சினன் எம்.எஸ்ஸி., அவன் ஆராய்ச்சி பண்ணி ஊத்துனது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீ கூடத்தான வந்தே. மாடசாமி உடனே அணைச்சானா?”

மாடசாமி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கவலையே இல்லாத முகம். நான் என்ன சொல்லுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் இன்றும் என்னால் தாங்க முடியாதது.

“சில சமயம்...” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்ஜினியர், “அப்ப அதுதான்” என்று கையைத் துடைத்துக்கொண்டார். அத்தான் கோபக்காரர். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், “சாவியக் குடும் வே. ஒம்ம கணக்க நாளைக்கு வந்து வாங்கிக்கிடும்” என்றார். மாடசாமி சாவியைப் பட்டறை மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். உண்மை தெரிந்த இன்னொரு சாட்சியான மீரான் பாய் கொல்லத்தில் இருந்தார். அதை நினைத்து அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

லாரி ஸ்டாண்டுக்கு ஒரு குணம் உண்டு. அங்கே நல்ல பெயர் வர வருஷங்கள் ஆகும், போவதற்கு ஒரு டீ நேரம் போதும். ‘டர்போவக் கருக்குனவன்’ என்று மாடசாமிக்குப் பெயர் ஆகிவிட்டது. புது வண்டி வைத்திருக்கிற யாரும் அவருக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை. பழைய வண்டிக்காரர்களும் யோசித்தார்கள். கடைசியில் பனவடலிசத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். அக்கா, எனக்கு வேலை கிடைக்காத கவலை என்று நினைத்து மீன் குழம்பாக வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.

வண்டி தயாராகி வீட்டுக்கு வந்தது. புது டர்போ. தற்காலிகமாக வந்திருந்த புது டிரைவர் ஆயில் ஊற்றப் போனான். அத்தான் கொட்டகையிலிருந்து மீதமிருந்த டின்னைத் தூக்கி வந்தார், என் பம்புசெட் ஆயில்.

“இத ஊத்து. எம்.எஸ்ஸி. ஆயிலு.”

“அத்தான்” என்றேன், “இந்தத் தடவை கம்பெனி ஆயிலே ஊத்திப் பாப்பமே.”

“ஏன்?”

“சாரல் காலம்லா. சீதோஷ்ணம் மாறியிருக்கு.”

“போன தடவையும் சாரல் காலந்தான மாப்ளே?”

“அது போன மாசச் சாரல்...”

அத்தான் டின்னைக் கீழே வைத்தார். படிக்காதவர்தான், ஆனால் ஒரு மனிதன் நெளிவதைப் பார்த்தால் தெரியாதா? “முன்ன ஊத்துனது சரியான ஆயிலுன்னா இப்ப எதுக்கு மாத்தணும்? ஏலே, மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

சொல்லிவிட்டேன். கையேட்டை வாசிக்காதது, கடைக்காரர் சொன்னது, செங்கோட்டையில் மாடசாமி வெற்றிலை போட்டது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது அழுகிறேனா மூக்கு உறிஞ்சுகிறேனா என்று எனக்கே தெளிவாக இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “இவனுக்கா மீன் கொழம்பு வச்சேன்!” என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கைகால் கழுவி, சட்டையைப் போட்டு, ஸ்கூட்டரை எடுத்தார். “ஏறு” என்றார். பனவடலிசத்திரம் போய்ச் சேரும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்தில் மாடசாமி பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிணற்று இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதனருகே, என்னைக் கவிழ்த்த அதே ஆயிலின் டின். அங்கே அது அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது.

அத்தான் என்னை முன்னால் தள்ளினார். வரப்பில் நின்று நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். மாடசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி” என்றார். “ஆயிலப் பத்தித் தெரியாது. அது நல்ல ஆயிலுன்னுதான் நானும் நெனச்சேன். நான் அணைக்கலங்கிறது எனக்குத் தெரியும்லா.”

“தப்புதான் மாடசாமி” என்றார் அத்தான். “நானும் கேட்டிருக்கணும். ஒம்ம வண்டி நிக்கி. வாரும்.”

“வாரேன் மொதலாளி. ஆனா எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்சதத்தான் திரும்ப எங்கிட்டச் சொல்லுதிய. பேரு போனது ஸ்டாண்டுல. தம்பி அங்கன வந்து சொல்லட்டும்.”

நான் வேறு பரிகாரங்கள் சொல்லிப் பார்த்தேன். அவர் மகளுக்குத் தினமும் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் தம்பி” என்றார் அவசரமாக. “அவ நல்லாப் படிக்கா.”

மறுநாள் காலை, லாரி ஸ்டாண்டு. டிரைவர்கள் லோடுக்காகக் காத்து டீக்கடை முன்னால் நிற்கும் நேரம். அத்தான் ஒரு பக்கம், மாடசாமி ஒரு பக்கம். நான் ஒரு பெஞ்சின்மேல் ஏற்றிவிடப்பட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு பேச்சுத் தயாரித்திருந்தேன். குற்றத்தை விஞ்ஞானத்தில் பொதிந்து கொடுத்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று எண்ணம்.

“ஆயிலில் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, என்று ஒரு பண்பு உண்டு...” என்று ஆரம்பித்தேன்.

“ஓய், காலைலேயே பாடம் எடுக்காதேயும், லோடு ஏத்தப் போவணும்” என்றது ஒரு குரல். “சுருக்கமாச் சொல்லும் வே!”

சுருக்கமாகச் சொன்னேன். “டர்போ போனதுக்கு மாடசாமி அண்ணாச்சி காரணமில்ல. நான்தான். கெணத்து இன்ஜின் ஆயில ஊத்துனேன். அப்புறம் அவரு மேல பழியப் போட்டேன். அது பொய்.”

அப்புறம் ஒருவர் ஓடிப்போய்த் தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். எனக்குப் புரியவில்லை. இன்னொருவரும் ஓடினார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் பிரசங்கத்தை நம்பி ஸ்டாண்டில் இன்னும் சிலர் ரகசியமாக ‘எம்.எஸ்ஸி. ஆயில்’ ஊற்றியிருந்தார்கள்! அவர்கள் வண்டிகளுக்கு டர்போ இல்லாததால் அவை தப்பித்திருந்தன. அன்று காலை சங்கரன்கோவில் லாரி ஸ்டாண்டில் வரிசையாக ஆயில் வடித்தார்கள். என்னை எதுவும் செய்யவில்லை, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் சட்டியைப் பிடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். தலைமுடியில் பிடித்த ஆயில் போக ஒரு வாரம் ஆனது. அக்கா சீயக்காயைத் தூக்கிப் போட்டாளே தவிர தேய்த்துவிடவில்லை.

மாடசாமி அன்றைக்கே வண்டி ஏறினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆயில் கடைக்குத் தம்பி வரக் கூடாது. அந்த வண்டியை அவர் வெகு காலம் ஓட்டினார். ஆரியங்காவு மேட்டில் அதன் விசில் கடைசிவரை மாறவில்லை. கம்பெனி ஆயிலைத்தான் ஊற்றினார்கள். அது கருக்கும்போதெல்லாம் அத்தான் கம்பியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டுவார். அத்தான் என்னை வீட்டை விட்டு விரட்டியிருக்கலாம். அக்கா சோற்றை நிறுத்தியிருக்கலாம். இருவரும் செய்யவில்லை. சில வருஷம் கழித்து எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது, அக்கா கோயிலில் அர்ச்சனை செய்ததைவிட, “பிள்ளைகளப் பாத்துச் சொல்லிக்குடுலே” என்று கெஞ்சியதுதான் அதிகம்.

ஆனால் பெஞ்சில் ஏறியதன் பலன் வேறு விதமாக வந்து சேர்ந்தது. ஸ்டாண்டில் யார் வண்டிக்கு எது நேர்ந்தாலும், டயர் வெடித்தாலும், செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டாலும், “எம்.எஸ்ஸி. சாரக் கூப்புடு, அவரு ஒத்துக்கிடுவாரு” என்பார்கள். அது வீட்டுக்கும் பரவியது. அக்கா பிள்ளைகள் கண்ணாடியை உடைத்தால், “மாமாதான்” என்பார்கள். நான் வெளியூரில் பள்ளிக்கூடத்தில் இருந்த நாளில்கூட அக்கா வீட்டுப் பால் திரிந்ததற்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். இப்போது பேரப்பிள்ளைகள் போன் போட்டு, “தாத்தா, ரிமோட் உடைஞ்சிருச்சு, அம்மா கேப்பா, நீங்கதான்னு சொல்லிருங்க” என்கிறார்கள். சொல்கிறேன். முதல் தடவை பெஞ்சில் நின்றபோது விஞ்ஞானத்தில் பொதிந்து சொல்லப் பார்த்தேன். அப்புறம் அந்தச் சொற்கள் இலேசாக வர ஆரம்பித்தன. வகுப்பில் கரும்பலகையில் தப்பான சமன்பாடு எழுதிவிட்டால், பிள்ளைகள் கண்டுபிடிக்கும் முன்பே, “நான்தான் தப்பு” என்று அழிப்பேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் மாடசாமி. வரப்போடு போகட்டும் என்று அவர் அன்று மன்னித்துவிட்டிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

இதற்கு நடுவில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. (நன்றாகவே படித்து வேலைக்கும் போயிருந்தாள். நான் பாடம் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம் என்று அக்கா இன்றும் சொல்கிறாள்.) அத்தான், அக்கா, நான், ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். சாம்பார் வந்தது. முதல் கவளத்திலேயே பந்தி முழுக்க ஒரு தயக்கம். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, “யாரு வே சமையலு?” என்று குரலை உயர்த்தினார். அண்டாவுக்குப் பின்னால் இளம் சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு வெளிறிப்போய் நின்றார்.

பெண்ணைப் பெற்றவர் மாடசாமி. பட்டு வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. பந்தியின் நடுவே வந்து நின்று என்னைப் பார்த்தார்.

“தம்பி! சாம்பார்ல உப்பு கூடிப்போச்சாம்.”

நான் இலைக்கு முன்னால் எழுந்து நின்றேன். கையெல்லாம் சோறு.

“நான்தான் அண்ணாச்சி போட்டேன்” என்றேன்.

ஸ்டாண்டு ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். அத்தானுக்குப் புரையேறியது. விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். யாரோ ரசத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள், பந்தி நகர்ந்தது. அந்தச் சமையல்காரருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எதற்காகத் தன் உப்பை ஏற்றுக்கொண்டார் என்று திகைத்துப் பார்த்தார். பிறகு கரண்டியை அண்டாமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

நான் மாடசாமி நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.